நிமிடத்துக்கு இரண்டு தட்டு

சிஸ்டரின் மடியில் ஒரு பழைய துண்டு, துண்டின் மேல் நாத்தனாரின் இடது பாதம். வலது பாதம் வெந்நீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளாகி, ஓரம் உள்ளே மடங்கியிருந்தது. இப்படிப்பட்ட நகத்தை வளைத்து வெட்டக் கூடாது, நேராக வெட்ட வேண்டும். ஓரத்தைத் தோண்டினால் சதைக்குள் வளர்ந்துவிடும். முப்பத்துநான்கு வருஷம் எலும்பு வார்டில் இதைப் புதுப் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்தவள் சிஸ்டர்.

"அண்ணி, நகத்தை வெட்டறீங்களா, விரலையே எடுக்கறீங்களா?"

"ஆடாம இரு. ஆடினா ரெண்டும் போகும்."

நாத்தனாருக்கு வயது அறுபத்தொன்று. ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. சின்ன வயதில் அண்ணன் கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாள், சொன்னபடியே இருந்தாள். நகரப் பூங்காவில் ஜப்பானியத் தோட்டம் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். ஓய்வு பெற்றதும் இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன.

நாலு மாதத்துக்கு முன்னால் அடுக்ககப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு உடைந்தது. புது மூட்டு வைத்தார்கள். இடுப்பை மடக்கிக் குனியக் கூடாது என்பதால் நகம் வெட்டுவது சிஸ்டரின் தலையில் விழுந்தது. குளிப்பாட்டுவது, காலுறை மாட்டிவிடுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். கவனிப்பில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சில்தான் இருவரும் ஒருவருக்கொருவர் குறைவைக்கவில்லை.

"பிசியோதெரபிப் பொண்ணு நேத்து என்ன சொன்னா?"

"காது கேட்டுச்சு."

"படி இறங்கணும்னு சொன்னா. பதினாறு படி. இறங்கி ஏறு. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடக்கறது நடை இல்ல."

"கீழ போய் என்ன பண்ணப் போறேன்? அங்க எனக்கு யார் காத்துட்டிருக்கா?"

சிஸ்டர் நகவெட்டியைத் துடைத்து, அடுத்த விரலைப் பிடித்தாள். பாப்பா நாளெல்லாம் பழைய டேப்லெட்டை மடியில் வைத்து விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள். ஏதோ விளையாட்டு என்று சிஸ்டர் விட்டுவிட்டாள். சிஸ்டருக்கும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, ஹாலின் மூலையில். அதில் அவள் செய்வது விளையாட்டு இல்லை.

இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஓய்வு பெற்ற வருஷம், படுக்கைப்புண் பற்றி அங்கே யாரோ அபத்தமாக எழுதியிருந்ததைப் பார்த்துக் கொதித்துப்போய் உள்ளே நுழைந்தவள், எட்டு வருஷமாக வெளியே வரவில்லை. இப்போது நிர்வாகிகளில் ஒருத்தி. இந்தக் கட்டுரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஏழு நாள் விவாதம் நடக்கும். பிறகு விவாதத்தில் கலந்துகொள்ளாத ஒரு நிர்வாகி வந்து, கை தூக்கியவர்களை எண்ணாமல் அவர்கள் சொன்ன காரணங்களை எடைபோட்டு, இருக்கலாம் அல்லது போகலாம் என்று முடிவெழுதுவார். எழுதியதற்கு ஆதாரமாக ஒரு நூலோ பத்திரிகையோ இல்லாவிட்டால் சிஸ்டரிடம் தப்பிக்க முடியாது. வார்டில் குறிப்பேட்டில் எழுதாத மாத்திரை கொடுக்காத மாத்திரைதான். இங்கேயும் அதே கணக்கு. அங்கே அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர். சொந்த மாப்பிள்ளை தன் கம்பெனியைப் பற்றித் தானே எழுதிவைத்த கட்டுரையை எடுத்துவிட்டாள். அவர் இரண்டு மாதம் மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"இன்னிக்கு ஒண்ணு முடிக்கணும்" என்றாள் சிஸ்டர், நகத்தூளை ஊதிவிட்டு. "உன் விஷயம்தான். ஜப்பானியத் தோட்டக் கூறுகள்னு தலைப்பு. கல்விளக்கு, தண்ணித் தொட்டி, அது இதுன்னு முழ நீளத்துக்கு யாரோ எழுதிவெச்சிருக்காங்க. கீழ ஒரு ஆதாரம் கிடையாது. மொட்டை."

மடியில் இருந்த பாதம் விறைத்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன ஏன் கட்டை மாதிரி நிக்குது? தளர்த்து."

"படிச்சீங்களா அதை?" என்றாள் பாப்பா.

"படிக்கறதுக்கு என்ன இருக்கு? அடியில பார்த்தேன். ஒண்ணும் இல்ல. ஆறு பேர் எடுக்கணும்னு சொல்லியாச்சு."

பாப்பா வலது பாதத்தைத் தொட்டியிலிருந்து தானே தூக்கினாள். தண்ணீர் தரையெல்லாம் சொட்டியது. "போதும் அண்ணி. அந்தக் காலை நாளைக்கு வெட்டிக்கலாம்."

"ஒரு காலை வெட்டிட்டு ஒரு காலை விடறதா? நான் நர்ஸா, நாவிதனா?" என்று அவள் பாதத்தைப் பிடித்துத் துண்டில் வைத்து, பத்து விரலையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள் சிஸ்டர்.

சிஸ்டரின் கணவர் மூன்று மணிக்குத் தூங்கி எழுந்து டிவியைப் போட்டார். பஸ் ஓட்டி ஓட்டி இன்ஜின் பக்கத்துக் காது மந்தமானவர். அந்தச் சத்தத்தில் வேலை செய்து பழகியவள் சிஸ்டர். கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

காலையில் பார்த்த விவாதம் மதியத்தில் தலைகீழாகியிருந்தது. நாடோடி என்ற பெயரில் எழுதுகிற ஒருவர் நான்கு படங்களைப் போட்டிருந்தார். நகரப் பூங்காத் துறை அச்சிட்ட கையேட்டின் நடுப்பக்கங்கள் அவை. கட்டுரையில் இருப்பது அத்தனையும் அதில் இருக்கிறது, அரசுத் துறை வெளியிட்ட நூல், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டிருந்தார். எடுக்கணும் என்று சொன்ன ஆறு பேரில் நாலு பேர் மாறிவிட்டார்கள். "கத்தரிக்கோலுக்கு இன்று விடுமுறை" என்று ஒருவர் கேலி வேறு.

நல்லதாகப் போயிற்று என்றுதான் சிஸ்டருக்கும் தோன்றியது. எடுப்பதில் அவளுக்கு ஒன்றும் ஆசை கிடையாது. முடிவெழுதுவதற்கு முன் கையேட்டையும் கட்டுரையையும் ஒருமுறை ஒப்பிட வேண்டும். அப்போதுதான் முதல்தடவையாகக் கட்டுரையை மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

கல்விளக்கின் பாகங்கள், ஒவ்வொன்றாக. கை கழுவுகிற கல்தொட்டியை ஏன் தாழ்வாக வைக்கிறார்கள்: நின்றபடி கழுவ முடியாது, எவ்வளவு பெரிய ஆளும் குனிந்தாக வேண்டும். நடைபாதைக் கற்களின் இடைவெளி. கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு சின்னக் கல், அதற்குப் பெயர் செகிமோரி இஷி. பாதையில் அதை வைத்தால் இதற்கு மேல் வராதே என்று அர்த்தம். இதைப் படிக்கும்போதே சிஸ்டருக்கு ஏதோ உறுத்தியது. பாப்பா வந்த புதிதில் தன் அறை வாசலில் இப்படி ஒரு கல்லை வைத்தாள். "கதவு இருக்கும்போது கல்லு எதுக்கு?" என்று கேட்டு, அதைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார் அண்ணன்.

அடுத்த பத்தி மூங்கில் குழாய். ஊற்றிலிருந்து தண்ணீர் விழுந்து குழாய் நிரம்பும், நிரம்பியதும் சாயும், தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து பின்னாலுள்ள கல்லில் டொக்கென்று தட்டும். காட்டுப் பன்றியையும் மானையும் விரட்ட வந்தது, பிறகு தோட்டத்துக்கு அழகாயிற்று. கடைசி வரி இப்படி இருந்தது: "நிமிடத்துக்கு இரண்டு தட்டு என்பதே சரியான அளவு. மூன்றானால் எரிச்சல் வரும், ஒன்றானால் கேட்பவர் மறந்துவிடுவார்."

சிஸ்டர் மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

இதை அவள் காதால் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். அடுப்படிக் குழாய் சொட்டும்போதெல்லாம் பாப்பா சொல்வாள்: காலையில் போனதும் முதல் வேலை வால்வைத் திருப்பி வைப்பது, நிமிஷத்துக்கு ரெண்டு தட்டு, மூணு தட்டினா எரிச்சல், ஒண்ணு தட்டினா மறந்துபோயிடும். அது ஜப்பானின் அளவு இல்லை. பாப்பாவின் கை வைத்த அளவு. உலகத்தில் வேறு யாரும் அதைச் சட்டமாக எழுதியிருக்க முடியாது.

கையேட்டில் பார்த்தாள். அங்கேயும் நிமிடத்துக்கு இரண்டு தட்டு. எரிச்சலும் இருந்தது, மறதியும் இருந்தது, ஒரு எழுத்து மாறாமல்.

கட்டுரை எழுதிய தேதி இருபத்தொரு மாதத்துக்கு முந்தையது. எழுதியவர் வைத்துக்கொண்ட பெயர் சரளை. கையேட்டின் முதல் பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள் என்று நாடோடிக்கு ஒரு வரி எழுதினாள். பத்து நிமிஷத்தில் போட்டார். அச்சிட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

கட்டுரையைப் பார்த்துக் கையேடு எழுதியிருக்கிறார்கள். இப்போது அந்தக் கையேட்டைக் காட்டிக் கட்டுரையைக் காப்பாற்றுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அடியில் தரை இல்லை. கலைக்களஞ்சியக்காரர்கள் அத்தனை பேரும் பயப்படுகிற தப்பு இது. பயந்து பயந்து திரும்பத் திரும்பச் செய்வதும் இதைத்தான்.

சிஸ்டர் எழுந்து பாப்பாவின் அறைக்குப் போனாள்.

"சரளை யாரு?"

பாப்பா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். "எந்தச் சரளை?"

"இந்த வீட்டுல எத்தனை சரளை இருக்கு?"

பாப்பா தலையணையை முதுகுக்கு நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தான். எட்டாவது படிச்சவ இவ்வளவு எழுதமாட்டான்னு நினைச்சீங்களா?"

"ஆமா" என்றாள் சிஸ்டர். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "விளையாடறேன்னு நினைச்சேன்."

"ரிடையர் ஆனப்ப எனக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்தாங்க. பெட்டியில இருக்கு, பாருங்க. துப்புரவுப் பணியாளர்னு போட்டிருக்கும். தோட்டம் கட்ட அந்த ஜப்பான்காரர் வந்து அஞ்சு மாசம் இருந்தாரு. அவருக்குச் சரளை சுமந்தவ நான். எந்தக் கல்லு எங்கன்னு கையைப் பிடிச்சுக் காட்டினாரு. அவர் போனப்புறம் முப்பத்தொரு வருஷம் அந்தச் சரளையைத் தினம் பல்லு வெச்ச கட்டையால வாரினது நான். பெருக்கறதுன்னா குப்பை போகணும், அவ்வளவுதான். வாரறதுன்னா கோடு நிக்கணும். அந்த வித்தியாசத்தைக்கூட ஒருத்தனும் பார்க்கலை. ஆபீசர் ஒருத்தர் வர்றவங்களைக் கூட்டிட்டு வந்து வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லுவாரு. தண்ணித் தொட்டியைக் காட்டிப் பறவைக்குன்னு சொன்னாரு அண்ணி! நான் ரெண்டடி தள்ளி வாரிட்டு நிக்கறேன். பெருக்கறவ வாயைத் திறக்க முடியுமா? அதான் எழுதினேன். ஒரு இடத்துலயாவது சரியா இருக்கட்டும்னு."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி சிஸ்டர் கேட்டதில்லை.

"கையேட்டுக்கு நீ எழுதிக் கொடுத்தியா?"

"எந்தக் கையேடு?"

சிஸ்டர் போனில் படத்தைக் காட்டினாள். பாப்பா கண்ணாடியை மாட்டி, படத்தைப் பெரிதாக்கி, உதடு அசைய வாசித்தாள். மூங்கில் குழாய்க்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னைக் காப்பி அடிச்சிருக்காங்க! துப்புரவுப் பணியாளரை!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப என்னோடது நிக்கும். இல்லையா? கவர்மென்ட் புத்தகத்துலயே வந்தாச்சே."

"அதனாலதான் நிக்காது."

சிஸ்டர் விளக்கினாள். பாப்பா முழுசாகக் கேட்டாள். புரியாமல் இல்லை.

"அந்தப் புத்தகம் என்னைப் பார்த்து எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு மட்டும்தானே. நீங்க இப்ப சும்மா இருந்தா போதும். ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காம இருங்க. உங்களால அதுகூட முடியாதா? எங்கண்ணன் நாப்பது வருஷமா அதைத்தானே கேக்கறாரு."

"தேதியை எல்லாரும் பார்ப்பாங்க. நான்தான் முதல் பக்கத்தைப் போடச் சொன்னேன்."

"பார்த்தாலும், கட்டுரைதான் முதல்லன்னு தெரியும், அவ்வளவுதானே. ரெண்டு பேரும் வேற ஏதோ ஒண்ணைப் பார்த்து எழுதியிருக்கலாம்னு நினைப்பாங்க. அந்த ரெண்டு தட்டு என் வால்வுன்னு தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான்."

அது உண்மைதான். எட்டாவது படித்தவள் ஓட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டாள் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டாள்.

"என் கை பண்ணின வேலை அது. என் கையே ஆதாரம் இல்லையா?"

"வார்டுல நான் மாத்திரை கொடுத்தேன்னு வாயால சொன்னா செல்லாது. எழுதியிருக்கணும்."

"எழுதினாலும் எழுதாட்டியும் மாத்திரை உடம்புல வேலை செய்யுமே அண்ணி."

வார்டில் ஒரு டாக்டர்கூடச் சிஸ்டரை இப்படி நிறுத்தியதில்லை. கட்டில் விரிப்பில் சுருக்கமே இல்லாத இடத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"வேலை செய்யும்" என்றாள் கடைசியில். "ஆனா அடுத்த ஷிப்டுல வர்றவளுக்குத் தெரியாது. தெரியாம அவ இன்னொண்ணு கொடுப்பா. அதுக்குத்தான் எழுதறது. உன் தோட்டத்தைப் பார்த்த எனக்கு ரெண்டு தட்டு உன் கைன்னு தெரியும். பார்க்காதவன் ஜப்பான் முழுக்க அப்படித்தான்னு நினைச்சுக்குவான். தண்ணித் தொட்டி பறவைக்குன்னு அந்த ஆபீசர் சொன்னதும் இதேதான்."

பாப்பாவின் முகம் சட்டென்று சிவந்தது. "அவனும் நானும் ஒண்ணா?"

"இல்ல. உனக்கு வேலை தெரியும். ஆனா படிக்கறவனுக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவீங்க."

"போங்க அண்ணி. போய் வெட்டுங்க. அதானே உங்களுக்குப் பேரு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புது மூட்டு வைத்த பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அப்படிப் படுக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்த சிஸ்டர், சொல்லாமல், கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையைச் செருகிவிட்டு வெளியே வந்தாள்.

கணவர் டிவியைத் தணித்தார். "என்ன சண்டை?"

"தோட்டம்."

"நம்ம வீட்டுல தொட்டிச் செடிகூட இல்லையே. பொழுது போகலைனா ரெண்டு பேரும் ஜன்னலைத் துடைங்க."

சிஸ்டர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டே இருந்தாள். வார்டிலும் ஒரு தடவை இப்படி உட்கார்ந்தது உண்டு. தன் தோழி ஒருத்தி தவறான கட்டிலுக்கு ஊசி போட்டுவிட்டாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. சிஸ்டர் அதைக் குறிப்பேட்டில் எழுதினாள். தோழி அதற்குப் பிறகு அவளோடு டீ குடிக்கவே இல்லை. எழுதியது தப்பு என்று சிஸ்டர் ஒருநாளும் நினைத்ததில்லை. டீ குடிக்காதது மட்டும் நினைவிருந்தது.

மாப்பிள்ளையின் கட்டுரையை எடுத்தபோது இப்படி உட்காரவில்லை. ஏனென்றால் அது விளம்பரம். இது அப்படி இல்லை. எட்டு வருஷத்தில் அவள் படித்த கட்டுரைகளில் ஒழுங்காக எழுதியவை என்று எடுத்தால் பத்துப் பதினைந்து தேறும். அதில் இது ஒன்று. அதையும் அவள் அடியைப் பார்த்தே அனுப்பிவிட இருந்தாள். ஒரு வாரம் கண்முன்னால் கிடந்த கட்டுரையைப் படிக்காதது பாப்பாவின் தப்பு இல்லை.

ஆறு மணிக்கு எழுதினாள். இந்தக் கட்டுரையை எழுதியவர் என் நாத்தனார் என்பது இன்று மதியம்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே முடிவு நான் எழுதுவது முறையில்லை, வேறு நிர்வாகி எழுதட்டும். இரண்டாவது, கையேட்டை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அது இந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதியது. மூங்கில் குழாய்ப் பத்தியின் கடைசி வரி ஒரே ஒரு தோட்டத்தில் ஒரே ஒருவர் வைத்த அளவு, அவர் என் வீட்டில் இருக்கிறார். மூன்றாவது, நான் கட்டுரையைப் படிக்காமல் அடியை மட்டும் பார்த்தேன். படித்த பிறகு சொல்கிறேன், எழுதியவருக்கு விஷயம் தெரியும். நூல் தேட அவகாசம் கொடுத்தால் நல்லது.

மூன்றாவது பகுதியை இரண்டு தடவை அழித்து, இரண்டு தடவை திரும்ப எழுதினாள். பிறகு அனுப்பினாள்.

நாடோடி கொதித்தார். கஷ்டப்பட்டுத் தேடிக் கொண்டுவந்ததைக் காலால் தட்டிவிட்டீர்களே என்றார். மாறிய நாலு பேரில் மூன்று பேர் மறுபடி மாறினார்கள். ஏழரை மணிக்கு இன்னொரு நிர்வாகி வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவர், அங்கே எல்லாருக்கும் வாத்தியார். அவர் முடிவெழுதினார்: இந்த வடிவத்தில் கட்டுரை நிற்காது. அழிக்கவும் மனம் வரவில்லை. எழுதியவரின் வரைவுப் பக்கத்துக்கு நகர்த்துகிறேன். எந்த வரிக்கு நூல் கிடைக்கிறதோ அந்த வரி திரும்பி வரட்டும். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "கத்தரிக்கோல் தன் வீட்டுத் துணியையே வெட்டியதற்கு நான் சாட்சி."

சிஸ்டர் அதைப் பாப்பாவிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போனபோது டேப்லெட் வெளிச்சத்தில் பாப்பா அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். சிஸ்டரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எழுதியவருக்கு விஷயம் தெரியும்" என்று வாசித்தாள், யாரிடமோ சொல்வதுபோல. "தெரியும்னு எழுதறதுக்கு ஒரு வாரம்."

"ரிப்போர்ட் எப்பவும் லேட்டாத்தான் வரும். சாப்பிடு. மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்."

"எத்தனை வரி தேறும்?"

"தெரியாது. நாளைக்கு லைப்ரரிக்குப் போறேன். ஒன்பது மணிக்குத் திறப்பாங்க."

பாப்பா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். "நீங்க போனா படம் போட்ட புத்தகத்தை எடுத்துட்டு வருவீங்க" என்றாள்.

மறுநாள் காலை எட்டே காலுக்குப் பாப்பா செருப்பைக் கேட்டாள். சிஸ்டர் எடுத்து மாட்டிவிட்டாள். நடைக்கருவியைக் கணவர் கீழே கொண்டுபோய் வைத்தார். பாப்பா இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள், வலது கையில் ஊன்றுகோல். சிஸ்டர் ஒரு படி கீழே, அவளுக்கு முன்னால், பக்கவாட்டில் நின்றாள்.

"இறங்கும்போது எந்தக் கால் முதல்ல?"

"கெட்ட கால். ஏறும்போது நல்ல கால். பிசியோதெரபிப் பொண்ணு பாட்டாவே பாடுதே."

"அப்ப வை."

பதினாறு படிக்கு ஒன்பது நிமிஷம் ஆயிற்று. ஒன்பதாவது படியில் பாப்பா நின்று மூச்சு வாங்கினாள். மேல்வீட்டு ஆள் பையோடு இறங்கி வந்து, வழி கிடைக்காமல் பின்னாலேயே நின்றான். "அவசரம்னா மேல திரும்பிப் போய் ஜன்னல் வழியா குதிச்சுடு தம்பி" என்றாள் பாப்பா. அவன் சிரித்துக்கொண்டே நின்றான். டாக்சியில் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை முதலில் உள்ளே வைத்து, இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி உள்ளே விட்டாள் சிஸ்டர்.

லைப்ரரியில் நாற்காலி தாழ்வாக இருந்தது. இடுப்பு முட்டிக்குக் கீழே போகக் கூடாது. சிஸ்டர் சுற்றிப் பார்த்தாள். அடித்தட்டில் பழைய அச்சுக் கலைக்களஞ்சியம் வரிசையாக நின்றது. தூசியைப் பார்த்தால் பல வருஷமாக யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. இரண்டு தொகுதியை எடுத்து நாற்காலியில் வைத்து, மேலே துண்டை மடித்துப் போட்டாள்.

"அம்மா, புத்தகத்து மேலயா?" என்றார் நூலகர்.

"இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க. வேற நாற்காலி இருக்கா?"

இல்லை. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பாப்பா மெதுவாக உட்கார்ந்தாள். "உயரம் சரியா இருக்கு அண்ணி. உங்க களஞ்சியம் ஒரு வேலைக்காவது ஆகுதே."

தோட்டக்கலை அலமாரியில் மூன்று நூல்கள் கிடைத்தன. ஒன்றில் படம் மட்டும். அதைப் பாப்பா ஒரு விரலால் தள்ளிவைத்தாள். மற்ற இரண்டையும் சிஸ்டர் பக்கம் பக்கமாகப் புரட்டி வாசித்தாள். பாப்பா நோட்டில் எழுதிக்கொண்டுவந்திருந்த தன் கட்டுரையின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பக்க எண்ணைக் குறித்தாள். கல்விளக்குக்கு ஏழு வரி தேறியது. தண்ணீர்த் தொட்டி முழுசாகத் தேறியது. ஏன் தாழ்வாக வைக்கிறார்கள் என்பதுகூட அதே காரணத்தோடு இருந்தது. அந்த இடத்தைச் சிஸ்டரை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னாள். "பறவைன்னு எங்கயாவது போட்டிருக்கா, பாருங்க" என்றாள். போட்டிருக்கவில்லை.

நடைக்கல் இடைவெளிக்கு எதிரே ஒன்றும் கிடைக்கவில்லை. "இது அந்த ஜப்பான்காரர் சொன்னது. என் காலை வெச்சு அளந்தாரு" என்று சொல்லி, தானே அடித்தாள்.

மூங்கில் குழாய்க்கு அரைப்பக்கம் இருந்தது. பன்றி, மான், ஊற்று, கல், சத்தம். சிஸ்டர் வாசித்து முடித்தாள்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவைன்னு போடலையா?"

"போடலை."

"இன்னொண்ணுல?"

சிஸ்டர் இன்னொன்றையும் பார்த்தாள். "இதுலயும் இல்ல."

"போட்டிருக்கணும்" என்றாள் பாப்பா. "எழுதினவங்க யாரும் பக்கத்துல நின்னு கேக்கலை போல."

பென்சிலை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். கோடு நேராக இருந்தது. பிறகு நோட்டைத் திருப்பினாள்.

"கயிறு கட்டின கல்லு எங்க இருக்கு? தேடுங்க அண்ணி. மெதுவா, அடியில மட்டும் பார்க்காதீங்க."